மரப்பட்டியல் வேறு, மர வரலாறு வேறு

ரொனால்ட் பிரேஸ்வெல் என்றால் எங்களைப் போன்ற இன்ஜினியர்களுக்கு ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் பாடநூல்தான் ஞாபகம் வரும். 1965-ல் வந்தது. அந்த ரேடியோ வானியலாளர், தான் வேலை பார்த்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மரங்களைப் பற்றியும் ஒரு நூல் எழுதியிருக்கிறார்; 2005-ல் வெளியானது. எந்த மரம் எங்கே நிற்கிறது என்பதுவரை சொல்லும் புத்தகம். வானத்தைப் பார்த்தவர் மரம் மரமாகப் பார்த்து எழுதியது. அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

என் குறை அதன் அடுக்குமுறையில்தான். மரங்கள் தாவரவியல் பெயரின் அகரவரிசையில் வருகின்றன. ஒரு சிக்னலின் ஸ்பெக்ட்ரத்தில் அளவை மட்டும் பார்த்தால், என்னென்ன அதிர்வெண்கள் இருக்கின்றன என்று தெரியும். எது எப்போது வந்தது என்று தெரியாது. அகரவரிசைப் பட்டியலுக்கும் இதே கதிதான்.

காலவரிசையில் வைத்துப் பாருங்கள். முதலில் ஓக். ஓலோனி மக்கள் அதன் கொட்டையை உணவாகக் கொண்ட காலத்திலிருந்தே அந்த மண்ணில் இருப்பது. 19ஆம் நூற்றாண்டில், பிரேஸ்வெல்லுக்கு வெகு முன்பே, அவர் பிறந்த ஆஸ்திரேலியாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வந்தது யூகலிப்டஸ். 1886-ல் வளாகத்தைத் திட்டமிட அழைக்கப்பட்ட ஓம்ஸ்டெட், கோடையில் மழையே பெய்யாத இடத்துக்குக் கிழக்குக் கரைப் புல்வெளி ஒத்துவராது என்று வாதாடினார். நுழைவுச் சாலையில் வரிசையாக நிற்பதோ கேனரித் தீவுப் பேரீச்சை. தோட்ட வேலை செய்தவர்களில் சீனத் தொழிலாளர்களும் உண்டு. அவர்கள் குடியிருந்த இடத்தைத் தொல்லியலாளர்கள் அகழ்ந்திருக்கிறார்கள். குழி வெட்டித் தண்ணீர் ஊற்றியவர்களை இனப்பெயர் வரிசையில் எங்கே வைப்பது?

இதெல்லாம் வெறும் பழங்கதை இல்லைங்க. அந்த ஊர் ஓக் கோடை வறட்சிக்குப் பழகியது. அடியில் புல் வளர்த்து, கோடையிலும் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால், வேர் அழுகல் நோய் பிடித்து மரமே போய்விடும். எது முன்னாடியே நின்றது, எதைப் பிறகு கொண்டுவந்து நட்டார்கள் என்று தெரியாதவர், நல்லது செய்வதாக நினைத்துத்தான் பைப்பைத் திறந்துவிடுவார். எல்லா மரமும் பட்டியலில் ஒரு பதிவு. ஆனால் எல்லா மரமும் ஒரே மாதிரி இல்லை.

தீர்வு ஒன்றும் கஷ்டமில்லை. எந்த வளாகமானாலும் மரப்பட்டியலில் தானாக முளைத்ததா, நட்டதா, நட்டதென்றால் எந்த ஆண்டு, யார் என்று சில கட்டங்களைக் கூடுதலாகச் சேர்த்தால் போதும். தெரியாததைக் காலியாக விடலாம். அதே தகவலை ஆண்டுவாரியாக அடுக்கினால், பட்டியல் வரலாறாக மாறத் தொடங்கும்.