தனி வீரனின் கணக்கு

2004 வாக்கில் ராஜபாளையத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் 'வார்கிராஃப்ட் 3' ஆடிக் கிடந்தவர்களில் நானும் ஒருவன். அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் 2002-இல் வெளியிட்ட வியூக விளையாட்டு அது. ஓர்க் இனத்து வாள்வீரன்தான் என் ஆள். பெரிய படை கட்டாமல் அவன் ஒருவனை வைத்தே ஜெயிப்பது எங்கள் செட்டில் பெரிய கெத்து. 'ஒத்த ஆளா வந்து முடிச்சுட்டான்டா' என்று முதுகுக்குப் பின்னால் எவனாவது சொல்ல வேண்டும், அதற்காகவே ஆடினோம். கண்ணுக்குத் தெரியாமல் நடந்துபோய் எதிரியின் முன் திடீரென முளைப்பான் அவன். சும்மா சொல்லக் கூடாது, அந்த மயக்கம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. ஆகவே இதை வெளியே நின்று எழுதும் விமர்சனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1

ஒரு விளையாட்டைப் பிரதியாக வாசிக்கும்போது அதன் கதையைவிட விதிகளே முக்கியம். கதையை நாம் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். விதியை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. கை தானாகப் பழகிவிடுகிறது.

'தனி' வீரன் நிஜத்தில் தனியாக இல்லை. சுரங்கத்தில் ஐந்து கூலியாட்கள் தங்கம் சுமக்கிறார்கள், இன்னும் சிலர் மரம் வெட்டுகிறார்கள். ஓர்க் கூலியாளுக்கு விளையாட்டு வைத்திருக்கும் பெயர் 'பியோன்' — நம் ஆபீஸ் பியூனேதான், அதே சொல். வீரன் குடிக்கும் மருந்து பியோன் சுமந்த தங்கம். படையாள் ஒருவன் எதிரியைக் கொன்றாலும் அதற்கான அனுபவப் புள்ளி பக்கத்தில் நிற்கும் வீரனின் கணக்கில்தான் ஏறும். படையாள் எத்தனை போர் பார்த்தாலும் அவனுக்கு அனுபவம் என்ற ஒன்றே கிடையாது. வீரன் செத்தால் பீடத்தில் பொன் கட்டி எழுப்பிக்கொள்ளலாம். படையாள் செத்தால் செத்ததுதான்.

இன்னொரு விதியும் உண்டு. 2003-இல் வந்த விரிவாக்கத்தில், படையின் சோற்றளவு 50-ஐத் தாண்டினால் சுமந்து வரும் பத்துப் பொன்னில் ஏழுதான் சேரும். 80-ஐத் தாண்டினால் நான்கு. கூட்டம் சேர்வதற்கு வரி! தனியாள் ஜெயிப்பது அவன் வீரத்தால் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். தனியாள் ஜெயிப்பதற்குத் தோதாகக் கணக்குப் புத்தகம் எழுதப்பட்டிருந்தது.

இந்த விளையாட்டின் மேல் ஆட்டக்காரர்களே கட்டிய 'டோட்டா'வில் இந்தத் தர்க்கம் முற்றிப்போய்விடுகிறது. அங்கே ஒருவருக்கு ஒரு வீரன், அம்புட்டுதான். படையாட்கள் முப்பது நொடிக்கு ஒருமுறை தாமாகக் கிளம்பிச் சாகப் போகிறார்கள். எதிராளியின் படையாளைக் கடைசி அடி அடித்தவனுக்கே பொன். அதுவரை அடித்துக் களைத்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. எதிராளிக்கு அந்தப் பொன் போய்விடக் கூடாது என்று, சாகக் கிடக்கும் தன் படையாளைத் தானே கொல்லவும் கற்றுக்கொள்கிறோம். அதைச் செய்யத் தெரிந்தவன்தான் நல்ல ஆட்டக்காரன்.

தனிவீரன் நமக்கும் புதியவன் அல்ல. ஆநிரை மீட்டு விழுந்தவனுக்கு நாம் நடுகல் நட்டோம். அந்த மாட்டை மேய்த்தவர்களுக்கு நடவில்லை. ஆனால் நடுகல் வீரன் செத்துத்தான் கல்லானான். அந்த விலையைக்கூடக் கொடுக்காமல் கல்லாகிறவன் திரையில் வருகிறான்.

2

வீரன் வளர்வது காட்டில். வரைபடத்தில் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு வட்டங்களாக முகாம்கள் தெரியும். அங்கே ட்ரோல், நோல், மர்லாக் என்று பல கூட்டங்கள் நிற்கின்றன. சில இடங்களில் அவர்களுக்குக் குடிசைகூட உண்டு. போரில் அவர்கள் எந்தத் தரப்பும் இல்லை. வீரன் போய் அவர்களைக் கொன்றால் பொன்னும் அனுபவமும் பொருளும் உதிரும். ஐந்தாம் நிலையை எட்டியதும் அந்த முகாம்கள் அனுபவம் தருவது நின்றுவிடும். அதாவது காட்டிடம் கற்க வேண்டியதைக் கற்றாயிற்று. இனி அது வெறும் பொன். முகாம்களில் பெரும்பாலோர் இரவில் தூங்குவார்கள். தூக்கத்தில் போய் அடிப்பதும் வியூகத்தில் சேர்த்திதான். துரத்தி வருகிற ட்ரோல் கொஞ்ச தூரத்தில் திரும்பித் தன் இடத்திலேயே போய் நிற்கும். வேறு காட்டுக்குப் பெயர்ந்துபோக அதற்கு விதி இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே மலையடிவாரத்துக்குப் போனால் செண்பகத்தோப்பு. அங்கே காட்டழகர் கோயில் இருக்கிறது, பளியர் குடியிருப்பும் இருக்கிறது. இந்தக் காடு 1988-இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாயிற்று. 2021-இல் மேகமலையோடு சேர்த்துத் தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாயிற்று. அணிலின் பெயரும் புலியின் பெயரும் பலகையில் உண்டு. நம் பொதுப்புத்தியின் வரைபடத்தில் பளியர் எங்கே நிற்கிறார்? எந்தத் தரப்பும் இல்லாத ஒரு வட்டமாக.

பளியர்களிடையே 1960-களில் களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், அவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிடுவதையும் ஒருவர்மேல் ஒருவர் அதிகாரம் செய்வதையும் தவிர்க்கிறார்கள் என்றும், சண்டை மூளும் இடத்தைவிட்டு விலகிப் போய்விடுகிறார்கள் என்றும் பதிவு செய்தார். இதை வைத்துக்கொண்டு 'காட்டின் குழந்தைகள்' என்று இன்னொரு புனைவை நாம் கட்ட வேண்டாம். விலகிப் போவது வெகுளித்தனம் அன்று, அதுவும் ஒரு வியூகம். வீரனே தேவைப்படாத வியூகம். காட்டுக்கு எல்லைக்கோடு விழவிழ அந்த வியூகத்துக்கான இடம் சுருங்குகிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்பவர்களை உரிமை உள்ளவர்கள் என்று எழுதிய பிறகும், நம் தலைக்குள் இருக்கும் வரைபடம் மாறவில்லை.

போன வருடம் அங்கே ஒரு பெரியவரிடம் பேச்சுவாக்கில் இந்த விளையாட்டைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: 'தூங்குறவனப் போயி எதுக்குத் தம்பி அடிக்கணும்?' 'அனுபவம் கெடைக்கும் ஐயா' என்றேன். சொல்லி முடிக்கும்போதே நாக்கு கூசியது.

3

மாற்று என்ன என்று தோழர்கள் கேட்பார்கள். கோயில் கல்தரைகளில் கோடு கிழித்து ஆடிய ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துக்கொள்ளலாம். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமையே கிடையாது. ஆடு ஜெயிப்பது புலியை நகரவிடாமல் சுற்றி அடைப்பதால். எந்த ஆடு ஜெயித்தது என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது. ஓரத்தில் சும்மா நிற்கிற ஆட்டை எடுத்துவிட்டால் மொத்த அடைப்பும் உடைந்துபோகும். இதையும் புனிதப்படுத்திவிடக் கூடாது: அடைப்பு முடியும் முன் வெட்டுப்பட்ட ஆடுகளுக்கும் பெயர் கிடையாது. ஆனால் கடைசி அடி என்ற ஒன்று இல்லாமலேயே ஒரு வெற்றியைக் கணக்குப் பார்க்க முடியும் என்பதை அந்தக் கல்தரை காட்டுகிறது.

நமக்கு வேண்டியது அந்தக் கணக்குதான். ஏனென்றால் நம் இதழ்களும் கடைசி அடி அடித்தவன் கணக்கில்தான் பொன்னை ஏற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரு போராட்டம் முடிந்ததும் எழுதுகிறோம்: மேடையில் பேசியவர் பெயர், கைதானவர் பெயர், பேச்சுவார்த்தைக்குப் போனவர் பெயர். பந்தலுக்குச் சோறு பொங்கியவர்கள், மனு எழுதத் தெரிந்த பெண், மூன்றாம் நாள் கூட்டம் கரைந்தபோதும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த கிழவர் — இவர்களையெல்லாம் 'திரளான மக்கள்' என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிடுகிறோம். அந்தச் சொல் டோட்டாவின் படையாள் வரிசை மாதிரிதான், முப்பது நொடிக்கு ஒருமுறை தானாகக் கிளம்பி வரும். உள்ளே ஒரு கருத்து வேறுபாடு வந்தால், எதிராளிக்குச் சாதகமாகிவிடும் என்று சொல்லி நம் ஆளை நாமே வெட்டும் வித்தையும் நமக்குத் தெரியாததல்ல.

இதழுக்கு அடுத்த முறை களஅறிக்கை எழுதும் தோழர் ஒன்று செய்து பார்க்கலாம். யார் முடித்துவைத்தார் என்பதை ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டு, எந்தப் புள்ளியில் யார் நகராமல் நின்றார் என்பதை ஒவ்வொருவராக எழுதிப் பாருங்கள். பக்கம் போதாமல் போகும். போகட்டும்.