வேட்டுவ வரியும் கள்வன் என்னும் சொல்லும்

சிலப்பதிகாரத்தின் 30 காதைகளுள் 12 ஆவதாக நிற்பது வேட்டுவ வரி. கோவலன் கதையைச் சுருக்கிச் சொல்லுவோர் பெரும்பாலும் இதனைத் தாண்டிச் சென்றுவிடுவர். வழிப்பறி செய்து வாழும் எயினரின் ஆட்டமும் பாட்டும் கதைக்கு வேண்டாத அணி என்றும், இசை நயத்துக்காக இடையில் வைத்த விருந்து என்றும் கருதுவாரும் உளர். இக்கருத்துப் பொருந்துமா? பொருந்தாது. வேட்டுவ வரியை நீக்கிவிட்டால் மதுரையில் நிகழும் அநீதியின் முழுப் பொருளும் விளங்காது போகும்.

பாலை நிலத்தைப் பாடிய புலவர் பலர். அவருள் ஆறலை கள்வரை ஒரே கண்கொண்டு எல்லாரும் பார்த்தாரில்லை. கலித்தொகையின் பாலைக் கலியில் வரும் கள்வர் கொடியவருட் கொடியவர். கைப்பொருள் இல்லாத வழிப்போக்கனையும், அவன் துடிப்பதைக் காணும் விருப்பத்தாலேயே கொல்லுபவர். பெரும்பாணாற்றுப்படையோ எயிற்றியர் குடிசைக்குள் பாணனை அழைத்துச் செல்கிறது. அங்கே புல்லரிசியைத் தோண்டியெடுத்துக் குற்றிச் சமைத்து, உலர்ந்த ஊனோடு தேக்கிலையில் இட்டு விருந்தோம்பும் மகளிரைக் காண்கிறோம். ஒன்று அச்சத்தைக் காட்டுகிறது; மற்றொன்று அன்பைக் காட்டுகிறது. இளங்கோவடிகள் இவ்விரண்டோடும் அமையவில்லை. அவர் அம்மக்களைத் தமக்கெனத் தெய்வமும் முறையும் வழக்கும் உடைய ஒரு சமுதாயமாகவே காட்டுகிறார்.

அவர்களை அவர் உயர்த்திப் புனைந்தார் என்று கொள்ளுதல் பிழை. சாலினி என்பவள் தெய்வமேறி, மயிர் சிலிர்க்க ஊர் நடுவே ஆடுகிறாள். பகைவர் ஊர்களில் ஆனிரை பெருக, எயினர் மன்றம் பாழ்பட்டுக் கிடப்பதையும், மறக்குடியினர் அறக்குடியினர்போல் அடங்கிவிட்டதையும் சொல்லி இடித்துரைக்கிறாள். கொற்றவைக்குக் குருதிக் கடன் செலுத்தாவிடில் வெற்றியில்லை என்கிறாள். பழங்குடிப் பிறந்த குமரி ஒருத்திக்குக் கொற்றவைக் கோலம் புனைகின்றனர். பன்றிக் கொம்பு அவள் தலையில் பிறையாகிறது. புலிப்பல் கழுத்தில் தாலியாகிறது. கையில் வில் கொடுத்துக் கலைமான்மேல் ஏற்றுகின்றனர். வழிப்பறிக்கென ஒரு பறையும் சூறைக்கென ஒரு சின்னமும் அங்கே முழங்குகின்றன. கள் விற்பவள் கள் தர மறுத்ததைப் பொறாமல் வில்லெடுத்து நிரை கவரப் புறப்படும் மறவனையும் அடிகள் மறைக்கவில்லை. தோட்டத்துக் கள்ளுக்கடையை அறிந்த மலேசிய வாசகருக்கு அம்மறவனின் கோபம் புதிதாகத் தோன்றாது.

எனினும் கவர்ந்த நிரை யார் முற்றத்துக்குச் செல்கிறது என்பதே கருதத்தக்கது. வேல் வடித்த கொல்லன், துடி கொட்டியவன், யாழ்ப்பாணர், கள் விற்றவள், ஒற்றறிந்து வந்தவன், புள் நிமித்தம் சொன்ன கணி ஆகியோர்க்குப் பங்கு உண்டு. நரைத்த தாடியுடைய முதிய எயினர்க்கும், முதிய எயிற்றியர்க்கும் உண்டு. வில்லெடுக்க இயலாத முதியோரையும் மறவாத முறை அது. தொல்காப்பியர் வெட்சித் திணையில் பாதீடு என்று ஒரு துறை வகுத்தது இப்பகிர்வையேயாம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வேந்தனுக்காகப் பகைவர் ஆனிரையைக் கவர்ந்தால் அது வெட்சி என்னும் புறத்திணை; எயினர் தமக்காகக் கவர்ந்தால் அது களவு. செயல் ஒன்றே, பெயர்தான் இரண்டு. பெயரிடும் உரிமை யாருடையது? வேட்டுவ வரியின் முடிவைப் பார்க்க. பாண்டியன் வெட்சி சூடுக என்று வாழ்த்தியே எயினர் பாட்டை முடிக்கின்றனர். சிலாங்கூர் வரலாற்றிலும் இவ்வுண்மையைக் காணலாம். ராஜா மஹாடி 1867 இல் கிள்ளான் கோட்டையைப் பிடித்தார். 1874 வரை நீண்ட அப்போரின் வேர்களுள் ஒன்று, ஆற்றின்வழிச் செல்லும் ஈயத்துக்குத் தீர்வை வாங்கும் உரிமை யாருக்கு என்பதாகும். கோட்டைக்குள் இருந்து வாங்கினால் தீர்வை. வெளியே நின்று வாங்கினால் கொள்ளை!

இனிக் கண்ணகியைக் காண்போம். வெயிலால் நொந்து, அடி சிவந்து, ஐயை கோட்டத்தின் ஒருபுறத்தில் அவள் இளைப்பாறுகிறாள். அவளைத் தென்றமிழ் நாட்டின் பாவையாகவும் உலகுக்கே உயர்ந்த மணியாகவும் முதலிற் கண்டுரைத்தவர் யார்? புகாரின் வணிகர் அல்லர். மதுரையின் சான்றோரும் அல்லர். எயினர் ஊரின் சாலினியே. கண்ணகியோ நாணிப் புன்முறுவலுடன் கணவன் பின்னே ஒதுங்குகிறாள். வழிப்போவோர் பொருளைப் பறித்து உண்போரின் ஊரில் அவள் சிலம்புக்கு ஒரு கேடும் நேரவில்லை. கோவலனும் ஊறின்றிப் புறப்பட்டான். பாண்டியன் செங்கோல் காக்கும் நாட்டில் கொடுவிலங்கும் தீங்கு செய்யாது என்று நம்பி அடுத்த காதையில் இரவிலும் வழி நடக்கிறான்.

அந்நம்பிக்கைக்கு மதுரை அளித்த பரிசு எது? அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் கோவலனைக் கள்வன் என்கிறான். காவலர் அவன் தோற்றத்தைக் கண்டு, கொலைக்குரியவன் அல்லன் எனத் தயங்குகின்றனர். பொற்கொல்லனோ நகைத்து, கள்வர்க்கு மந்திரம், தெய்வம், மருந்து முதலிய எட்டுத் துணைகள் உண்டென்று களவு நூலையே விரித்துரைக்கிறான். உண்மைக் கள்வனே களவிலக்கணம் கற்பிக்கும் ஆசிரியனாகிறான்! கள்ளுண்ட ஒருவனின் வாள் கோவலன்மேல் வீழ்கிறது. கள்வர் ஊரைக் கடந்து வந்தவனைக் காவல் உள்ள ஊர் கொன்றது.

இம்முடிவுக்கு அடிகள் முன்னரே வித்திட்டுள்ளார். முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் திரிந்து பாலையாகும் இயல்பைக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் வாயிலாகச் சொல்லும்போது, அமைச்சரும் அரசனும் கோடியதால் முறையிழந்த நாட்டை உவமையாக வைக்கிறார். மழை பொய்த்தால் மட்டுமன்று. கோல் கோடினாலும் நாடு பாலையாகும். வழக்குரை காதையில் கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறிக்கிறது. அப்போது பாண்டியன் தானே கள்வன் என்று ஒப்பி உயிர் நீக்கிறான். எயினர்க்கு உலகம் சூட்டியிருந்த பெயர் கோவலன்மேல் பொய்யாக ஏற்றப்பட்டு, ஈற்றில் அரியணையில் வந்து தங்கியது. இச்சொல்லின் பயணத்தைக் காணாமல் மதுரைக் காண்டத்தைக் கற்பிப்பது வேரை விட்டு மரத்தைக் காட்டுவதாகும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் மக்கள் இதைப் படிக்காமலே அறிவர். பால்மரக் காட்டின் ஓரத்தில் மதுரைவீரனுக்குச் சிறு கோயில் எழுப்பியவர்கள் அவர்கள். மதுரைவீரன் கதையை 1956 இல் திரையிலும் கண்டனர். கள்ளரை அடக்கச் சென்ற வீரன், தானே கள்வனாகக் கருதப்பட்டு, அதே மதுரையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான் என்பது அக்கதை. நகரம் தண்டித்தவனை எளிய மக்கள் காவல் தெய்வமாக்கினர். இன்று தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் வாழும் பேரப்பிள்ளைகளுக்கு அக்கோயில்களின் கதை கேட்டறியாத ஒன்றாகி வருகிறது.

ஆதலின் வேட்டுவ வரியை வகுப்பிலே விட்டுவிடாமல் கற்பித்தல் தமிழாசிரியர் கடன். எயினரைப் போற்றுவதற்காக அன்று; ஒருவனைக் கள்வன் என்று சொல்லுமுன், சொல்லுகிறவன் யார் என்று கேட்கும் பழக்கம் மாணவர்க்கு வருவதற்காக.