உப்புக் கரையில் ஒரு நாற்றுத்தட்டு

ஐப்பசி மழை இறங்கியதும் மரக்காணம் உப்பளங்களில் வேலை ஓயும். பாத்திகளில் மழைநீர் நிற்கும். வீட்டுத் தோட்டக்காரருக்கு அதுதான் விதை போடும் காலம்.

கத்தரியும் மிளகாயும் இந்த மண்ணுக்குப் பழகியவை. ப்ரோக்கோலியோ குளிரை நம்பும் பயிர். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இயல்பாக வரும். இந்தக் கரையில் மார்கழியும் தையும்தான் அதற்கு ஓரளவு இதமான மாதங்கள். அவற்றைத் தவறவிடாமல் இருக்க, அடைமழைக்கும் உப்புக்காற்றுக்கும் ஒதுங்கிய ஜன்னலோரத்தில் ஐப்பசியிலேயே குழித்தட்டு ஏறிவிட வேண்டும்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது, குழித்தட்டை நிரப்பும் தென்னை நார்க்கழிவை அலசும் வேலை. நார்க்கழிவிலும் உப்பு உண்டு. உப்பு மிகுந்தால் விதையால் நீரை உறிஞ்ச முடியாது. கிணறு கரிக்கும் ஊரில் மழைநீரைப் பிடித்து, பிழியும் நீரின் செம்பழுப்பு வெளிறும்வரை அலச வேண்டும். உப்பு விளைச்சலை நிறுத்திய அதே மழைதான் நாற்றுக்குத் தாய்ப்பால்.

விதை கடுகின் உறவு, உருவமும் அப்படியே. கால் அங்குல ஆழம் போதும். ஒரு வாரத்துக்குள் முளை வளைந்தெழுந்து இரண்டு வித்திலைகளை விரிக்கும். அன்று முதல் வெளிச்சம் குறையக் கூடாது. குறைந்தால் தண்டு வெளுத்து நீண்டு சாயும். அடுத்து வரும் இலையை உற்றுப் பாருங்கள்: நீலம் கலந்த பச்சை, மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு. தெளித்த நீர் அதில் ஒட்டாமல் முத்துமுத்தாக உருண்டோடும். என்ன அழகு!

நான்கைந்து இலை விட்டதும் சில நாள் தாழ்வாரத்தில் வைத்து வெயிலுக்குப் பழக்கி, மேட்டுப்பாத்தியில் நடலாம். மேட்டிலுள்ள உப்பை மழை கீழே இறக்கியிருக்கும்.