சதுர அடி கூடினால் வீடு கூடுமா?

சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. 2019இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வரும்வரை, அந்த இடத்தில் சாதாரண அடுக்ககமாக 3,600 சதுர அடிதான் கட்ட முடிந்தது. எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீடு அப்போது 1.5. புதிய விதிகள் அதை 2 ஆக்கியதும் அதே மனையில் 4,800 சதுர அடிக்கு வழி பிறந்தது. உயரமான கட்டடங்களுக்கு 3.25 வரை கிடைத்தது. அதற்கும் மேல் வேண்டுமென்றால், வழிகாட்டி மதிப்பை வைத்துக் கணக்கிட்ட தொகையைக் கட்டி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம். அதன் அளவைச் சாலையின் அகலம் தீர்மானிக்கிறது: 9 மீட்டர் சாலையில் 30 விழுக்காடு, 12 மீட்டரில் 40, 18 மீட்டரிலிருந்து 50.

இந்தத் திசையில் நடந்தது சரி என்றே நினைக்கிறேன். நகருக்குள் அடர்த்தியைத் தடுத்தால் மக்கள் வராமல் இருந்துவிடுவதில்லை. வெளியே போய்க் குடியேறுகிறார்கள். கூடுவாஞ்சேரி, திருநின்றவூர் என்று ஏரிக்கரைகளும் வயல்களும் மனைகளாகின்றன. அங்கே வீடு வாங்கியவர் தினமும் மின்சார ரயிலில் நின்றுகொண்டே நகருக்கு வருகிறார். குடிநீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் பேருந்தையும் அரசு அவர் பின்னாலேயே கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

பழைய இறுக்கமான விதி சட்டத்தின் மதிப்பையும் கெடுத்தது. அனுமதி வாங்கியதற்கு மேல் ஒரு மாடி எழுப்புவது சென்னையில் ஊரறிந்த வழக்கமாயிற்று. 1999 பிப்ரவரி இறுதிக்குள் கட்டியவற்றை வரன்முறைப்படுத்த நகரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவு வந்தது. பிறகு 2007 ஜூலைக்கு முன் கட்டியவற்றுக்கு 113-சி. இப்படி மீண்டும் மீண்டும் மன்னிப்பு கிடைத்ததால், விதியை மதித்துக் கட்டியவர்தான் நஷ்டப்பட்டார். கட்டக்கூடிய அளவுக்கு அனுமதியைக் கொடுத்துவிட்டு, பக்கவாட்டு இடைவெளியிலும் தீயணைப்பு வழியிலும் கறாராக நிற்பதே உயிர்களைக் காக்கும் முறை.

ஆனால் எஃப்.எஸ்.ஐ. சதுர அடியைத்தான் எண்ணுகிறது, வீடுகளை எண்ணுவதில்லை. இந்த ஏற்பாட்டின் பெரிய குறையாக நான் காண்பது இதையே. அடையாறிலும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இடித்துக் கட்டப்படும் பழைய அடுக்ககங்களைப் பாருங்கள். ஒரு கிரவுண்டில் அறுநூறு சதுர அடியில் ஆறு வீடுகள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 3,600. புதிய கணக்கில் கிடைக்கும் 4,800ஐ நான்கு வீடுகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 1,200 சதுர அடி. கட்டடம் பெரிதாகிறது, குடும்பங்கள் இரண்டு குறைகின்றன. விதிப்படி எல்லாம் சரியாக நடந்திருக்கும். இந்திய நகரங்களை நெடுநாள் ஆராய்ந்த அலன் பெர்ட்டோ சொல்லிவந்ததும் இதையொட்டியதே: குறியீட்டை உயர்த்தினால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் தளப்பரப்பு கூடும், மக்கள் நெருக்கமும் அதே அளவில் கூடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மும்பையின் நெரிசலில் வாழ்பவர்களுக்கு இது நல்ல செய்தி என்ற அவர் வாதத்தை ஏற்கிறேன். சென்னையின் நடுப்பகுதியிலோ கூடுதல் பரப்பை வாங்குபவர் ஏற்கெனவே இடவசதி உள்ளவர். புதிதாக வேலைக்கு வந்த இளம் தம்பதிக்கு அதில் இடமில்லை.

சாலை அகலத்தோடு முடிச்சுப்போட்டதில் நியாயம் உண்டு. தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்தில் ஏழு மாடி எழுப்ப முடியாது. ஆனால் அதன் விளைவு யார் தலையில் விழுகிறது? மேற்கு மாம்பலம், திருவல்லிக்கேணி, சைதாப்பேட்டை, வியாசர்பாடியின் குறுகிய தெருக்களில்தான் அரை கிரவுண்டுக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு பிரீமியம் கிடையாது. நாலு பக்கமும் இடம் விட்டு, கார் நிறுத்தவும் இடம் விட்டால், அனுமதித்த 2ஐக்கூட எட்டுவது கடினம். அகலமான சாலையில் மனை வைத்திருப்பவருக்கோ, விதி மாறிய அன்றே நிலத்தின் விலை ஏறுகிறது. ஜாயின்ட் வென்ச்சர் பேச வரும் பில்டரிடம் அவர் கூடுதல் பங்கு கேட்கிறார்; அந்தச் சுமை ஃபிளாட் வாங்குபவரிடம் போய்ச் சேர்கிறது.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் வேறு வழியில் போனது. 2016இல் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கில் ஒரே சமயத்தில் அடர்த்தியான கட்டுமானத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். எங்கும் கட்டலாம் என்றானபோது, ஒரு சில மனைகளுக்கு மட்டும் அருமை கூடவில்லை. அங்கே பெருகியவை வானளாவிய கட்டடங்கள் அல்ல. பெரும்பாலும் சுவரோடு சுவர் ஒட்டிய இரண்டு மூன்று மாடி வீடுகள். அந்தப் பெருக்கத்தில் எவ்வளவு விதியால் வந்தது என்பதில் பொருளியலாளர்களிடையே வாதம் தொடர்கிறது. இருந்தாலும், கொஞ்சம் உயரத்தைப் பரவலாக அனுமதிப்பது சென்னையின் சிறு மனைகளுக்குப் பொருந்தும் பாடம்.

குடிநீரும் கழிவுநீரும் தனிக் கட்டுரைக்குரியவை. ஆனால் பிரீமியம் தொகையை வசூலிக்கச் சொல்லும் நியாயமே உள்கட்டமைப்புதான். ஒரு தெருவில் வசூலான பணம் அந்த வட்டாரத்தின் எந்தக் குழாய்க்குப் போனது என்று அங்கே குடியிருப்பவர் பார்க்கும்படி வார்டு வாரியாகக் கணக்கு வைக்க வேண்டும். 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த ஊருக்கு இதைக் கேட்க முழு உரிமை உண்டு.

ஏழைகளுக்கு இந்த நகரம் அடர்த்தியைத் தாராளமாகவே கொடுத்திருக்கிறது, ஆனால் ஊருக்கு வெளியே. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்குமாடிகளில் வைக்கப்பட்டார்கள். வீட்டு வேலைக்கும் சுமை தூக்கவும் நடந்து போனவர்கள் தொலைவினாலேயே பிழைப்பை இழந்தார்கள். அதே அடர்த்தியை அவர்கள் வாழ்ந்த வட்டாரத்திலேயே கொடுத்திருந்தால் அந்த இழப்பு நேர்ந்திருக்காது.

வாடகைக்கு இருப்பவர் நிலையும் இதேதான். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022இன்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். பாழடைந்த கட்டடங்களுக்கு இது அவசியமான ஏற்பாடு. ஆனால் கட்டி முடியும்வரை வெளியே தங்க உரிமையாளருக்கு பில்டர் வாடகை கொடுக்கிறார். குடியிருந்தவருக்குக் காலி செய்யச் சொல்லும் தகவல்தான் வருகிறது. பிறகு அதே தெருவில் அவர் வாடகைக்கு எடுக்கக்கூடிய சிறிய வீடு எதுவும் மிஞ்சியிருக்காது. பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கேட்கும் ஒவ்வொரு கட்டடத்திலும், கூடுதலாகக் கிடைக்கும் பரப்பில் ஒரு பங்கு 500 சதுர அடிக்குள் அடங்கும் வீடுகளாக இருக்க வேண்டும் என்று விதியில் சேர்க்கலாம். 2019 விதிகள் வந்த நாளிலிருந்து அரசாணைகளால் பலமுறை திருத்தப்பட்டவைதான். இன்னொரு திருத்தத்துக்கு எந்தத் தடையும் இல்லை.