பிறகு என்ன ஆயிற்று?: ‘பொன்னியின் செல்வன்’ வாசகர் கருத்துகளும் காலப்பயண வாசிப்பும்

முன்னுரை

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே, திருவொற்றியூரை ஒட்டி அமைந்த காலடிப்பேட்டையின் பெயருக்குக் காலடியோடு தொடர்பில்லை. 1717 முதல் 1720 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் இது. காலெட்பேட்டை மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. இங்குள்ள கல்யாண வரதராசப் பெருமாள் கோயிலுக்கும் ஒரு கதை உண்டு. ஆளுநரிடம் பணிபுரிந்த வீரராகவர் என்பவர் நாள்தோறும் காஞ்சி வரதரைத் தொழுதுவிட்டே பணிக்கு வந்தார் என்றும், அவர் பக்தியை வியந்த ஆளுநர் இவ்வூரிலேயே வரதருக்குக் கோயில் அமையச் செய்தார் என்றும் ஊரார் கூறுவர். காஞ்சியிலிருந்து இவ்விடத்தை ஒரு காலைப் பொழுதில் அடைய இயலுமா என்று அவர்களில் எவரும் கணக்கிடுவதில்லை. கணக்கிடுமாறு கேட்டால் சிரிப்பார்கள்; ஆனால் கதையைக் கைவிட மாட்டார்கள்.

கடந்த காலத்தைச் சொல்லும் கதையிடம் கேட்பவர் எதை எதிர்பார்க்கிறார் என்னும் வினாவுக்கு இது ஒரு சிறிய சான்று. அவ்வினாவைப் பெரிய அளவில் எழுப்பிய தமிழ் நாவல் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. அதைப் பற்றி வாசகர்கள் கொண்ட கருத்துகளைக் காலப்பயணக் கதை என்னும் நோக்கில் அணுகினால், இதுவரை ‘ரசிகர் ஆர்வம்’ என்று ஒதுக்கப்பட்டுவந்த சில கேள்விகள் திறனாய்வுக்குரியவை என்பது புலப்படும் என இக்கட்டுரை கருதுகிறது.

இயந்திரமும் ஓடமும்

மேலைநாட்டுக் காலப்பயண நாவலில் பயணிக்குக் கருவி வேண்டும். மைக்கேல் கிரைட்டனின் ‘டைம்லைன்’ (1999) நாவலில் வரலாற்று ஆய்வாளர்கள் சிலர், தனியார் நிறுவனம் ஒன்றின் இயந்திரத்தின் வழி 1357ஆம் ஆண்டின் பிரான்சுக்குச் செல்கின்றனர். ஏட்டில் கற்ற இடைக்காலமும் வாள்முனையில் சந்தித்த இடைக்காலமும் மோதுவதே அந்நாவலின் சுவை. சென்றவர்களுள் ஒருவர் திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிடுகிறார். படிக்கும் எவருக்கும் உள்ளூர இருக்கும் ஆசையைக் கிரைட்டன் அந்த ஒரு பாத்திரத்தில் நிறைவேற்றிக் காட்டினார் என்றே சொல்ல வேண்டும்.

கல்கிக்கு இயந்திரம் தேவைப்படவில்லை. 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வெளிவந்த நாவலின் தொடக்கத்திலேயே அவர் வாசகரைக் கற்பனை ஓடம் ஒன்றில் ஏற்றி, ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகள் பின்னோக்கி அழைத்துச் சென்று வீரநாராயண ஏரிக்கரையில் இறக்கிவிடுகிறார். பயணி கதைக்குள் இருக்கும் பாத்திரமன்று; படிப்பவரே பயணி. பலரும் இதை வருணனை உத்தியாகக் கொண்டு கடந்துபோவர். ஆயினும் ஐந்து பாகங்களையும் வாசகர் எந்த உரிமையோடு படித்தார் என்பதை இந்த அழைப்பே தீர்மானித்தது. அழைத்துச் செல்லப்பட்டவர் தாம் கண்ட ஊரைப் பற்றிக் கேள்வி கேட்பார், கேட்கவும் செய்தார்.

தொடர் முடிந்ததும் எழுந்த கேள்விகளுக்குக் கல்கி தனியே ஒரு முடிவுரை எழுத நேர்ந்தது. கதை திடீரென்று நின்றுவிட்டது என்ற குறை சிலருக்கு. வந்தியத்தேவன் என்ன ஆனான், நந்தினி எங்கே போனாள், இன்னார்க்கு இன்னாரோடு மணம் நடந்ததா என்ற வினாக்கள் பலருக்கு. முழுக் கற்பனைக் கதையை முடித்துவிடலாம், வரலாற்றில் வாழ்ந்தவர்களின் கதை ஏட்டின் கடைசிப் பக்கத்தோடு முடிவதில்லை என்னும் பொருள்பட அவர் விடையளித்தார். எஞ்சியவற்றைப் பிறர் எழுதவும் இடம்விட்டார். விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதியது இவ்வழியில்தான். வாசகர் கடிதங்கள் ஒரு நாவலுக்குப் பின்னுரையையும் தொடர்ச்சியையும் பெற்றுத் தந்தன என்னும் செய்தி, தமிழ் நாவல் வரலாற்றில் இதுவரை பெற்றதைவிடக் கூடுதலான கவனத்துக்குரியது.

இரு வகைக் கேள்விகள்

இக்கேள்விகளை ஒரே தட்டில் வைக்கலாகாது. வந்தியத்தேவன் என்ன ஆனான் என்பதற்குக் கல் விடை சொல்லும். குந்தவையாரின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அறிவிக்கிறது. நந்தினி என்ன ஆனாள் என்பதற்கு எந்தக் கல்லும் விடை சொல்லாது. அவள் கல்கியின் படைப்பு. வாசகர் இரண்டையும் ஒரே குரலில் கேட்டார் என்பதே ஆராயத்தக்கது. வரலாற்று ஆய்வாளர் இதனை மயக்கம் என்பர். அக்கூற்றில் உண்மை இருப்பினும் அது முழுமையானதன்று.

ஆதித்த கரிகாலனின் கொலையை எடுத்துக்கொள்வோம். யார் கொன்றார் என்பதே இன்றும் வாசகர் அதிகம் வாதிடும் பொருள். 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் மணிரத்னத்தின் இரு படங்கள் வெளிவந்தபின் அவ்வாதம் ஒரு புதிய தலைமுறையிடமும் பரவியது. கல்கி இதில் ஐயத்தை வேண்டுமென்றே தங்கவிட்டார். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டோ சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்று பெயர் சுட்டுகிறது. ஆனால் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டின் கவலை கொலையன்று, நிலம். துரோகிகளின் உறவினர் உடைமைகள் என்னவாயின என்பதைப் பதிவதற்காகவே அது வெட்டப்பட்டது. கொலை போகிற போக்கில் சொல்லப்படுகிறது. எங்கே, ஏன், யார் தூண்டுதலால் என்று ஒரு சொல்லும் இல்லை. இந்த மௌனத்தில்தான் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மீது ஐயுற்றார், தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். பேரறிஞர் இருவர் கேட்ட கேள்வியும் வார இதழ் வாசகர் கேட்ட கேள்வியும் வேறல்ல. வேறுபாடு, விடை கிடைக்காதபோது அவரவர் செய்ததில் இருக்கிறது. அறிஞர் சான்றுக்குத் திரும்பினார். வாசகர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்.

சேந்தன் அமுதனே உண்மையான உத்தம சோழன் என்னும் திருப்பத்தை வாசகர் பலர் வரலாறாகவே நம்பிவிட்டது நாவலின் வெற்றி எனச் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிற்றப்பன் விரும்பும்வரை அருண்மொழி அரியணையை விரும்பவில்லை எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும் செய்தியே போதிய வியப்பைத் தருவது. அந்த எளிய தியாகத்தின்மேல் ஆள்மாறாட்டக் கதையைச் சுமத்தியதால் ‘தியாக சிகரம்’ என்னும் இறுதிப் பாகம் தன் தலைப்பின் எடையைச் சற்றே இழந்தது எனலாம்.

கதைக்குள் ஒரு கேட்பவர்

கல்கியே காலப்பயணத்தை வேறு வகையில் அமைத்த சிறு நாவல் ‘மோகினித் தீவு’. சென்னையில் சலிப்பூட்டும் திரைப்படம் ஒன்றிலிருந்து வெளியேறும் கதைசொல்லியிடம் நண்பர் ஒருவர் தம் அனுபவத்தைச் சொல்கிறார். சப்பானியர் தாக்குதலுக்கு அஞ்சி பர்மாவிலிருந்து கப்பலேறியவர் அவர். வழியில் கப்பல் ஒதுங்கிய தீவில், நிலவொளியில், ஆணும் பெண்ணுமாக இருவரைச் சந்திக்கிறார். பாண்டிய இளவரசி புவனமோகினியின் கதையையும் சிற்பம் கற்கும் மாணவனாக மாறுவேடத்தில் வந்த சோழ இளவரசனின் கதையையும் அவ்விருவரும் மாறி மாறிச் சொல்கின்றனர். சொல்பவர்களே அக்கதை மாந்தர் எனத் தோன்றும்போது, கேட்டுக்கொண்டிருந்தவர் எந்த நூற்றாண்டில் இருந்தார் என்ற ஐயம் எழுகிறது.

இங்கே வாசகருக்கும் இடைக்காலத்துக்கும் நடுவே நம் காலத்து மனிதர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். நம்பலாமா என்று நமக்கு முன்பே அவர் தயங்குகிறார். அதனாலேயே போலும், ‘பொன்னியின் செல்வ’னைப் படித்தோர் கேட்ட ‘பிறகு என்ன ஆயிற்று’ என்னும் கேள்வியை இந்நாவல் எழுப்புவதில்லை. ‘நீர் உண்மையில் பார்த்தீரா’ என்னும் கேள்வியையே எழுப்புகிறது. இதன் புகழ் குறைவு. ஆயினும் கடந்த காலத்தின்பால் நமக்குரிய இடைவெளியை ஒப்புக்கொள்வதில் இதுவே நேர்மையான படைப்பு என்பது என் கருத்து.

வடசென்னையில் இக்கதைக்கு இன்னொரு பொருளும் உண்டு. பர்மாவிலிருந்து கப்பலில் திரும்பிய குடும்பங்களை அறிந்த பகுதி இது. தீவையும் இளவரசியையும் கற்பனை என்று ஒதுக்கும் முதியவரும், இரங்கூன் துறைமுகத்தை விட்டு நீங்கும் பக்கங்களை அவ்வாறு ஒதுக்குவதில்லை.

திருவொற்றியூர்க் கல்

காலடிப்பேட்டையில் நான் அறிந்த வாசகர் ஒருவர், ஆலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், ‘பொன்னியின் செல்வ’னைப் பலமுறை படித்தவர். நாவலில் கண்ட எழுபத்து நான்கு கணவாய்களைத் தேடி வீராணத்துக்கே சென்று வந்தவர். ‘ஐயா, ஏரி இருக்கிறது, குதிரையில் வந்தவனைத்தான் காணோம்’ என்று அவர் சொன்னது விளையாட்டாக மட்டும் எனக்குப் படவில்லை. வெள்ளிதோறும் வடிவுடையம்மனைத் தொழச் செல்லும் அவர், அதே கோயில் ஆதிபுரீசுவரர் விமானத்தின் பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்திருப்பதை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை என்றார். முதலாம் இராசேந்திரன் காலத்தில், சதுரானன பண்டிதர் வேண்ட, வீரசோழத் தச்சன் என்னும் பட்டம் பெற்ற இரவி என்பவர் அதைக் கல்லால் எடுத்தார். நாவல் அவரை வீராணத்துக்கு அனுப்பியது. வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள சோழர் காலத்துக்கு அனுப்பவில்லை. இக்குறையை நாவல்மீது சுமத்துவது முறையன்று. கல்வெட்டைப் படித்துச் சொல்ல வேண்டிய நாம், படித்ததை நமக்குள்ளேயே சொல்லிக்கொண்டோம்.

அக்கோயிலில் இரண்டாம் இராசாதிராசன் காலக் கல்வெட்டு ஒன்று, மன்னன் அங்கு வீற்றிருந்து ஆளுடைய நம்பியின் புராணம் கேட்டதைக் குறிக்கிறது. அது சேக்கிழார் நூல்தானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எதுவாயினும், சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும் மகிழ மரத்தடியில் பிரியேன் என்று சூளுரைத்ததும் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் அதே தலத்தில், சில நூற்றாண்டுகள் கழித்து, ஒரு சோழன் அவர் கதையைக் கேட்டிருக்கிறான். கேட்டு அவன் என்ன கருதினான் என்பதைக் கல் பதியவில்லை. இச்செய்தியைச் சொன்னபோது நம் வாசகர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: ‘கதை முடிந்ததும் ராஜா எழுந்துபோய் அந்த மகிழ மரத்தைப் பார்த்திருப்பாரா?’