ஒலிமாதிரி மாற்றமும் மூலம் பேணலும்: இரு மென்பொருள்கள் குறித்த மதிப்பீடு

1. முன்னுரை

சுவடியிலுள்ள பாடத்தைத் திருத்திப் பதிப்பிப்பவர் தாம் செய்த திருத்தத்தை வெளிப்படையாகக் குறிப்பிடவேண்டும் என்பது தமிழ்ப் பதிப்புலகம் ஏற்றுக்கொண்ட நெறியாகும். உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் பாடவேறுபாடுகளைக் காட்டியமையால்தான், அவர் கொண்ட பாடத்தை ஏற்காதவரும் அப்பதிப்புகளைப் பயன்படுத்த முடிகிறது. பேச்சொலிப் பதிவுகளைக் கையாளும் நாம் இந்நெறியை இன்னும் மேற்கொள்ளவில்லை. களத்தில் பதிந்த ஒலியைக் கணிப்பொறியில் வடிவம் மாற்றுகிறோம், இரைச்சலை நீக்குகிறோம், வெட்டி ஒட்டுகிறோம். பின்னர் எஞ்சுவதையே ‘மூலம்’ என்கிறோம். இப்பணிக்குப் பெரிதும் பயன்படும் சாக்ஸ், ஆடாசிட்டி ஆகிய இரு மென்பொருள்களை மொழியியலார் நோக்கில் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. மாதிரி என்பது

இலக்கமுறைப் பதிவில் ஒலியலையின் உயரம் சீரான இடைவெளியில் அளந்து எண்ணாகக் குறிக்கப்படுகிறது. அவ்வாறு பெறும் ஒவ்வோர் எண்ணும் ஒரு மாதிரி. குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள். மரபான தொலைபேசி முறையில் 8,000. மாதிரி வீதத்தில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண் எதுவும் பதிவில் நிலைபெறாது. எனவே 8,000 மாதிரிகள் கொண்ட கோப்பில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமில்லை.

இதன் விளைவு எல்லா ஒலிகளுக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. உயிரொலிகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. ழகரத்தை லகர ளகரங்களிலிருந்து பிரித்துக்காட்டும் மூன்றாம் ஃபார்மண்டின் தாழ்வும் இவ்வெல்லைக்குள்ளேயே அமைவதால் தப்புகிறது. ஆனால் ஸகரத்தின் ஆற்றல் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயே திரண்டிருக்கிறது. ஷகரத்தின் ஆற்றல் அதற்குக் கீழிருந்தே தொடங்குகிறது. ஆகவே சகரத்தின் மாற்றொலிகளை வட்டாரவாரியாக ஆராய்பவருக்கு இத்தகைய கோப்பு பயன்படாது. வட்டில் இடம் போதாமையால் 2004ஆம் ஆண்டில் என் களப்பதிவுகள் சிலவற்றை இவ்வீதத்திற்குக் குறைத்து, நாடாக்களை வேறு பதிவுக்குப் பயன்படுத்தினேன். அந்தச் சகரங்களைப் பற்றி இன்று எதுவும் சொல்லும் தகுதி எனக்கில்லை. பேசியவர்களுள் இருவர் இன்று உயிருடன் இல்லை.

3. சாக்ஸ்

லான்ஸ் நார்ஸ்காக் 1991இல் வெளியிட்ட சாக்ஸ், கட்டளை வரியில் இயங்குவது. பல்வேறு கோப்பு வடிவங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதே அதன் முதற்பணி. மாதிரி வீத மாற்றத்தில் அதன் தரம் உயர்ந்தது. ஆயினும் அது பயனர் கேளாமலே சில முடிவுகளை எடுக்கிறது. 24 பிட் பதிவை 16 பிட்டாகக் குறைக்கும்போது, எண்களை முழுமையாக்குவதால் விளையும் பிழையை மறைக்க டிதர் எனப்படும் மிக நுண்ணிய இரைச்சலைத் தானாகவே சேர்க்கிறது. வேண்டாமெனில் அதற்குரிய கட்டளையைத் தரவேண்டும். வீதத்தை மாற்றும்போது அது இயல்பாகக் கொள்ளும் வடிகட்டி, திடீரென எழும் ஒலிக்கு முன்னும் பின்னும் ஒத்த அளவில் மெல்லிய அலைவைப் பரப்பும் தன்மையது. இசைக்கு இது குற்றமன்று. வெடிப்பொலியின் வெடிப்புத் தொடங்கும் கணத்தை மில்லிநொடியில் அளப்பவரோ இதை அறிந்திருத்தல் வேண்டும். மாற்று வடிகட்டிகளும் இம்மென்பொருளிலேயே உள்ளன.

குறிப்புரையை ஏற்கும் கோப்பு வடிவங்களில், பயனர் வேறொன்று தராவிடின், ‘சாக்ஸால் கையாளப்பட்டது’ என்னும் பொருள்படும் ஒரு தொடரை இம்மென்பொருள் எழுதிவைக்கிறது. என்ன கையாளப்பட்டது, எவ்வாறு கையாளப்பட்டது என்பதை அது கூறுவதில்லை. ‘இந்நூல் திருத்தப்பட்டது’ என்று மட்டும் அட்டையில் அச்சிட்ட பதிப்பை நாம் ஏற்போமா? எனினும், இட்ட கட்டளையே செயலின் முழு விவரமாக அமைவதால், அக்கட்டளையைச் சேமித்து வைக்கும் ஆய்வாளருக்குச் சாக்ஸ் நல்ல துணையே.

4. ஆடாசிட்டி

டொமினிக் மஸோனியும் ரோஜர் டானன்பர்க்கும் 1999இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 2000இல் வெளியிட்ட ஆடாசிட்டி, அலைவடிவத்தைக் கண்ணால் கண்டு திருத்த இடமளிப்பது. மொழியியல் மாணவர் ஒரு பிற்பகலில் இதைக் கற்றுக்கொள்ளலாம். இந்த எளிமையே இதன் வலிமை. இதன் இடரும் அதுவே.

இதிலுள்ள இரைச்சல் குறைப்பு, பேச்சில்லாத ஒரு பகுதியை மாதிரியாகக் கொண்டு, ஒவ்வோர் அதிர்வெண் பட்டையிலும் அவ்வளவுக்குக் கீழ்ப்பட்ட ஆற்றலைத் தணிக்கிறது. மின்விசிறியின் ஒலி குறைவது உண்மை. ஆனால் உரசொலியும் இயல்பில் இரைச்சலே. சொல்லிறுதியில் மெலிந்தொலிக்கும் உரசலையும் மூச்சொலியையும் இக்கருவி விசிறியின் ஒலியிலிருந்து பிரித்தறியாது. 1913 முதல் 1929 வரை இந்திய மொழியாய்வுக்காகப் பதிவான கிராமபோன் தட்டுகளைப் போன்ற பழம்பதிவுகளில் இச்சிக்கல் மேலும் கடுமையானது. அங்கே தட்டின் கீறலொலியும் பேசுவோரின் உரசொலியும் ஒரே பட்டையில் கலந்திருக்கும்.

அடுத்தது மௌனத்தைச் சுருக்கும் வசதி. ‘படு’, ‘பட்டு’ ஆகியவற்றை ஒப்பிடுக. பின்னதில் டகர இரட்டிப்பு பெரும்பாலும் ஓர் அடைப்பே. அடைப்பின்போது கேட்பது மௌனமே. மெய்க்கும் அரை மாத்திரை வகுத்த நம் இலக்கணிகள் காலத்தை எழுத்தின் உறுப்பாகக் கண்டவர்கள். குறுகிய எல்லை கொடுத்து மௌனத்தைச் சுருக்கினால் இவ்வடைப்பும் குறையக்கூடும். நீண்ட எல்லை கொடுத்தாலோ ஒப்பாரியிலும் கதைப்பாடலிலும் வரும் நிறுத்தங்கள் போய்விடும். வாய்மொழி இலக்கியத்தை எழுத்துப்பெயர்த்து மொழிபெயர்ப்பவர் அடிகளைப் பிரிப்பதும் தயக்கத்தை உணர்வதும் இந்நிறுத்தங்களைக் கொண்டே. சுருக்கிய பதிவைக் கேட்டு மொழிபெயர்ப்பவர், பாடியவர் தயங்கிய இடத்தில் தயங்காத ஒரு பாடலையே பெயர்ப்பார்.

திருத்தங்களை வரிசையாகக் காட்டும் வரலாற்றுச் சாளரமும் ஆடாசிட்டியில் உண்டு. ஆனால் திட்டக்கோப்பை மூடியதும் அவ்வரலாறு மறைகிறது. பதிப்பாசிரியர் பணி முடிந்ததும் தம் குறிப்பேட்டை எரித்துவிடுவதற்கு இது ஒப்பாகும்.

5. முடிவுரை

இவ்விரு மென்பொருள்களும் பயனற்றவை என்பது என் கருத்தன்று. இலவசமாகக் கிடைக்கும் இவை இன்றேல் நம் துறைகள் பலவற்றில் ஒலியாய்வே நடைபெற்றிராது. இசைக்கும் ஒலிபரப்புக்கும் செவிக்கு இனிமையே அளவுகோல். மொழியாய்வுக்குச் சான்றே அளவுகோல். இம்மென்பொருள்களின் இயல்பமைப்புகள் முன்னதை நோக்கி அமைந்தவை என்பதே குறை.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. ஒலிக்காப்பகங்களின் பன்னாட்டு அமைப்பான ஐஏஎஸ்ஏ பரிந்துரைக்கும் 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் அளவுக்குக் குறையாமல் பதிந்து, அக்கோப்பைத் தொடாமல் வைக்கலாம். திருத்தங்களைப் படியில் மட்டும் செய்யலாம். எம்பி3 வடிவத்தைக் கேட்பதற்கு மட்டும் கொள்ளலாம். அதனை மீண்டும் வேவ் கோப்பாக மாற்றினாலும் இழந்தது திரும்பாது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997இல் வகுத்த பிராட்காஸ்ட் வேவ் வடிவத்தில், ஒலி கடந்துவந்த மாற்றங்களை எழுதுவதற்கென்றே ஓர் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. அது இயலாதவிடத்து, கோப்பின் அருகே ஓர் எளிய உரைக்கோப்பு போதும்: எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, என்ன கட்டளை, எந்நாள்.

பேசியவர் மறைந்தபின் அவர் குரலுக்குச் சான்று அக்கோப்பொன்றே. அதில் எது அவர் குரல், எது நம் கைவேலை என்று பின்வருவோர் பிரித்தறிய வழிவைப்பது நம் கடமை.