மேல்மலை முகாமுக்கு ஒரு பீங்கான் ஃபில்டர்

விருத்தாசலத்துக்காரர்களுக்குப் பீங்கான் என்றால் தொழிற்பேட்டைச் சூளையில் வெந்து வரும் ஃப்யூஸ் கட்டையும் பொம்மையும்தான் முதலில் நினைவுக்கு வரும். டென்ட் போட்டுத் தங்கக் கிளம்புகிறவர்களின் முதுகுப் பையிலும் அந்தப் பீங்கானுக்கு ஓர் இடம் உண்டு. கொடைக்கானல் மேல்மலையில், பைன் மரங்களுக்கு நடுவே அனுமதி பெற்ற ஒரு திடலில், கை பம்ப் வகை செராமிக் ஃபில்டரைப் பயன்படுத்திப் பார்த்தேன். அங்கே குழாய் இல்லை, மின்சாரம் இல்லை. தண்ணீருக்கு ஓர் ஓடை மட்டும்தான். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை இருக்கிறது. மீறிக் கொண்டுபோனால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி கட்ட வேண்டும்.

வேலை செய்யும் விதம்

ஃப்யூஸ் கட்டைக்குள் ஈரம் இறங்கக் கூடாது. அதனால் துளைகள் அடைபடும்வரை சூளையில் வேகவைக்கிறார்கள். மின்காப்புப் பீங்கானைச் சாயத்தில் அழுத்தி, உள்ளே இறங்குகிறதா என்று சோதிப்பதும் இதற்காகத்தான். ஃபில்டரில் நேரெதிர்: நுண்துளைகள் திறந்தே இருக்கும்படி சுடுகிறார்கள். இந்த வகையில் பெயர் பெற்றது சுவிட்சர்லாந்தின் கேடடின் பாக்கெட்: துளை 0.2 மைக்ரான், எடை 550 கிராம், வேகம் நிமிடத்துக்கு 1 லிட்டர். காலரா, டைஃபாய்டு பாக்டீரியாவும் வயிற்றுப்போக்கைத் தரும் ஜியார்டியாவும் இந்தத் துளையில் நுழைய முடியாது. வடிகட்டிக்குள்ளேயே பாக்டீரியா பெருகாமல் இருக்க வெள்ளியும் சேர்க்கிறார்கள்.

ஓடைக்கரையில்

உறிஞ்சு குழாயின் முனையில் மிதவை இருப்பதால் அது அடிச்சேற்றில் புதைவதில்லை. தெளிந்த நீரில் பம்ப் லேசாக இறங்கியது, பாட்டில் சட்டென்று நிறைந்தது. மழை பெய்து ஓடை கலங்கியதும் கை கனத்தது, வேகமும் குறைந்தது. உறையைத் திறந்தால் உள்ளே வடிகட்டும் வெள்ளைப் பீங்கான் கேண்டில் மேல் காப்பி நிறத்தில் வழவழவென்று ஒரு படலம். கூடவே தரும் நாரால் தேய்த்துக் கழுவினால் அடியில் வெள்ளை தெரிகிறது, பம்பும் பழையபடி இறங்குகிறது. தேய்க்கத் தேய்க்கக் கேண்டில் மெலியும். எந்த அளவில் மாற்ற வேண்டும் என்று பார்க்க அளவுகோல் உண்டு. பைன் ஊசி மெத்தையாகக் கிடக்கும் தரையில் தீ மூட்டவே கூடாது. எனவே குடிநீர் முழுவதையும் கேஸ் அடுப்பில் காய்ச்சாமல் சமாளிக்க முடிவது பெரிய சௌகரியம்.

எங்கே போதாது

வைரஸ் இந்தத் துளைகளைவிடச் சிறியது. ஓடைக்கு மேலே மனிதர்கள் குடியிருந்தால் வடிகட்டியதைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். மேல்மலையின் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும் என்பதால், 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம் கொதிக்கவிடச் சொல்கிறார்கள். கரைந்த ரசாயனமும் செராமிக்கில் நிற்காது. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூண்டும் கேரட்டும் விளையும் வயல்களுக்குக் கீழே ஓடும் நீரில் பூச்சிமருந்து கலந்திருக்கலாம். வயலுக்கு மேலேயே தண்ணீர் எடுங்கள்.

அடுத்த பகை உறைபனி. டிசம்பர், ஜனவரி இரவில் கேண்டிலுக்குள் தங்கிய நீர் உறைந்து விரிந்தால் அது வெடிக்கும். இரவில் நீரை முழுக்க வெளியேற்றித் துணியில் சுற்றி, தூங்கும் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்தாலும் கீறல் விடலாம். விழுந்த கேண்டிலை நன்றாகப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

வாங்கலாமா?

விலை குறைவாக வேண்டும் என்றால் நுண்குழல் ஃபில்டர்கள் உள்ளன. அவை 100 கிராம்கூட இருக்காது, துளையும் 0.1 மைக்ரான்தான். ஒரு முறை உறைந்து கெட்டால் மட்டும் வெளியே தெரியாது, கெட்ட நீரை நல்ல நீர் என்று நம்பிக் குடிப்போம். செராமிக் கனமானது, விலையும் கூடுதல்; ஆனால் அடைப்பையும் கீறலையும் பெரும்பாலும் கண்ணாலேயே பார்த்துவிடலாம், கையாலேயே சுத்தம் செய்யலாம். ஆண்டில் பல முறை மலையேறுகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஒரே ஒரு பயணத்துக்கு என்றால் நுண்குழல் போதும்.

செராமிக் படிப்பு சொல்லித்தரும் அரசு நிறுவனமும் சூளைகளும் ஒரே ஊரில் இருக்கும் விருத்தாசலம், இதை நியாயமான விலையில் செய்து தர முன்வர வேண்டும். மலையேறுகிறவர்களுக்கு மட்டுமல்ல, வெள்ளக் காலத்தில் நம் கடலூர் மாவட்டத்து வீடுகளுக்கும் அது உதவும்.